எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனால் என்னால் முடியவில்லை

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 44 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது தாமான் (குடியிருப்பு) வீட்டில் இருக்கிறோம். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். ஒன்றரை வருஷமாக உடம்பு சரியில்லை. முதுகு வலி, நெஞ்சில் ஒரே பாரம். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டார்கள், வயிற்று மருந்து கொடுத்தார்கள், பிறகு தூக்க மாத்திரை. அது இல்லாமல் இப்போது கண் மூடுவதில்லை. ஈப்போவில் தனியார் ஆஸ்பத்திரியில் இருதயம், முதுகு எல்லாம் பார்த்ததில் மூவாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போனது. எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்றார்கள். சித்தி ஒரு சாமியாரிடம் கூட்டிப்போனார். செய்வினை என்று சொல்லி எலுமிச்சம்பழம் வெட்டி 800 வெள்ளி வாங்கினார்.

வீட்டில் சின்ன விஷயத்துக்கும் கத்துகிறேன். போன மாதம் மகன் கிண்ணத்தைக் கீழே போட்டு உடைத்ததற்கு அவன் புத்தகப் பையைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டேன். இப்போது என் லாரிச் சத்தம் கேட்டாலே ரூமுக்குள் போய்விடுகிறான். கோயில் உறுமி குழுவில் பதினைந்து வருஷம் அடித்தவன், அந்தப் பக்கமே போவதில்லை. தூங்குவதற்காக தினமும் தண்ணி. சில ராத்திரி, நான் இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது. மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்றாள் மனைவி. "என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கிறாயா" என்று சண்டை போட்டேன். எனக்கு என்ன வியாதி? எந்த டாக்டரிடம் போவது? மாத்திரை எடுத்தால் ஆயுசுக்கும் எடுக்கணுமா? வேலை போய்விடுமா?
(பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வரியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். "நான் இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதியது ரொம்ப நல்லது. மனச்சோர்வு நோய் வந்தவர்கள் பலருக்கும் இதே நினைப்பு, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் வருகிறது. நோய் கொண்டுவரும் நினைப்பு இது. நோய் குறையும்போது இதுவும் போய்விடும். உங்கள் வீட்டார் அப்படி நினைக்கவில்லை. நினைத்திருந்தால் உங்கள் மனைவி உங்களை டாக்டரிடம் கூப்பிட்டிருக்க மாட்டார்.

இன்று ராத்திரியோ நாளையோ அந்த நினைப்பு பலமாக வந்தால், எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போட ஆரம்பித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனைவியை எழுப்புங்கள். உங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியின் கெச்செமாசான் (அவசர சிகிச்சை) பகுதிக்கு அப்படியே போய்விடுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. தமிழில் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவிக்கான ஹீல் எண் 15555. இதைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொள்கிற ஆண்களை நான் நிறையப் பார்க்கிறேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவை நாடாளுமன்றம் 2023-ல் நீக்கிவிட்டது. அந்தப் பயம் இனி வேண்டாம்.

இன்னொன்று. வீட்டில் மிச்சமிருக்கும் தூக்க மாத்திரைகளை மனைவியிடம் கொடுத்து, அன்றைக்குரியதை மட்டும் வாங்கிச் சாப்பிடுங்கள். தோட்டத்து வேலைக்கான களைக்கொல்லி, பூச்சி மருந்து எது இருந்தாலும் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள். இந்த நினைப்பு அலைபோல வந்து போகும். அது உச்சத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாமலிருப்பது உயிரைக் காப்பாற்றும்.

சரி, உங்களுக்கு என்ன வியாதி? கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மனச்சோர்வு நோயின் படம். விடியற்காலை மூன்று மணி முழிப்பு, பிடித்த காரியத்தில் பிடிப்பு போனது, எரிச்சல், உடம்பெல்லாம் வலி, வாழ்வதில் அலுப்பு, இத்தனையும் சேர்ந்து ஒன்றரை வருஷம் நீடித்திருக்கிறது. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்களிடம் அது பெரும்பாலும் அப்படி வருவதில்லை. கோபமாக வரும். குடியாக வரும். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் கேட்டு ஓடுவதாக வரும். முதுகு வலியாக, நெஞ்சுப் பாரமாக, வயிற்று எரிச்சலாக வரும். அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் "இவருக்குத் திமிர் கூடிவிட்டது" என்று நினைக்கிறார்கள், டாக்டர் முதுகுக்கு ஊசி போடுகிறார்.

என் அறைக்கு வரும் நம் ஆட்களில் பலர் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள். ஒரு கையில் மோட்டார் சாவி, மறு கையில் பழைய எக்ஸ்ரே உறை. என்ன செய்கிறது என்று கேட்டால் "முதுகுதான் டாக்டர், வேற ஒண்ணும் இல்ல" என்பார்கள். பக்கத்தில் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மருந்தைப் பற்றிப் பேசி, சீட்டு எழுதி, அவர் எழுந்து கதவருகே போன பிறகுதான் அந்த வார்த்தை வரும்: "டாக்டர், தூக்கம்தான் வர மாட்டேங்குது." உட்காருங்கள் என்று திரும்பக் கூப்பிட்டால், அப்புறம் முக்கால் மணி நேரம் பேசுவார். பரபரப்பான கிளினிக்கில் திரும்பக் கூப்பிட ஆள் இருக்காது. அதனால் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லுங்கள்.

நீங்கள் தனியாக இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023 ஆய்வில் அது 4.6 விழுக்காடு. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். உலக அளவில் தற்கொலையால் இறக்கும் ஆண்களின் விகிதம் பெண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சிகிச்சைக்கு முன்வருவதில் ஆண்கள்தான் பின்தங்கியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

இத்தனை நாள் நீங்கள் சும்மா இருக்கவில்லை. ஊசி, ஸ்கேன், மாத்திரை, சாமியார் என்று கைக்காசைச் செலவழித்து ஓடியிருக்கிறீர்கள். எஞ்சின் சூடாகும் லாரிக்கு ஒவ்வொரு பட்டறையிலும் டயரை மட்டும் மாற்றிக்கொடுத்த கதையாகிவிட்டது. "எல்லா டெஸ்ட்டும் நார்மல்" என்றால் இருதயமும் முதுகெலும்பும் நன்றாக இருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். உங்கள் வலி பொய் என்று அர்த்தம் இல்லை. மனச்சோர்வில் வலி நிஜமாகவே கூடுதலாக உறைக்கும்.

அந்தத் தூக்க மாத்திரையைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்காமல் மாதாமாதம் அதை எழுதிக்கொடுப்பது வைத்தியம் ஆகாது. அல்பிரஸோலம் போன்ற மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழகிவிடும். பிறகு அது இல்லாமல் தூங்க முடியாது. நீங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அதற்காக இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பு வரை போகும். டாக்டர் சொல்படி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். முக்கியமாக, மாத்திரையும் தண்ணியும் ஒரே ராத்திரியில் கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். விடிந்து லாரியில் ஏறும்போதும் மயக்கம் தெளிந்திருக்காது.

குடியைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். சம்சு என்ற மலிவு சாராயமோ பீரோ, குடித்தால் சீக்கிரம் தூக்கம் வருவது உண்மை. ஆனால் அந்தத் தூக்கம் பாதி ராத்திரியில் கலைந்துவிடும். மூன்று மணி முழிப்பை அது இன்னும் மோசமாக்குகிறது. தினசரிக் குடி மனச்சோர்வையும் ஆழமாக்கும், மருந்தையும் சரியாக வேலை செய்ய விடாது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டாக்டரிடம் உண்மையான அளவைச் சொல்லுங்கள், பாதியாக்கிச் சொல்லாதீர்கள். காலையில் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலை இருந்தால், குடியையும் நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம். அதற்கு மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைக்கும் வழி ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

சித்தி கூட்டிப்போனதில் தப்பு இல்லை. அவருக்குத் தெரிந்த வழியில் அக்கறை காட்டினார். முனீஸ்வரரிடமோ மாரியம்மனிடமோ வேண்டிக்கொள்வதும் திருநீறு பூசிக்கொள்வதும் மருந்துக்குக் குறுக்கே நிற்காது. ஆனால் அடுத்த பூஜைக்கு இன்னும் இவ்வளவு கொண்டுவா என்று கேட்கிறவரிடமும், மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவரிடமும் இனி போகாதீர்கள்.

எங்கே போவது? முதலில் உங்கள் ஊர் கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்க சுகாதார கிளினிக். மலேசியக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, மருந்தும் அதற்குள் அடக்கம். மனச்சோர்வுக்கு அங்கேயே சிகிச்சை ஆரம்பிக்கலாம். போவதற்கு முந்தின நாள் ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தூக்கம் எப்போது கெட்டது, எதிலெல்லாம் ஆர்வம் போனது, எவ்வளவு குடிக்கிறீர்கள், சாவு நினைப்பு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது. இதுவரை வாங்கிய மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மனைவியையும் கூட்டிப்போங்கள், நீங்கள் விட்டுவிடுவதை அவர் சொல்வார். மனசில் உள்ளதை மலாயில் சொல்ல வராது என்று தயக்கம் இருந்தால், "தாக் போலே தீடோர், தாக் அடா செமாங்கட், ராசா தாக் நாக் ஹீடோப்" (தூங்க முடியவில்லை, உற்சாகம் இல்லை, வாழப் பிடிக்கவில்லை) என்று இந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள். மீதியை அந்தத் தாள் பேசும்.

அங்கே ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுக்கலாம். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். ஆண்பிள்ளை என்பதற்காக எல்லாவற்றுக்கும் சைபர் போட்டுவிடாதீர்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இவை மனச்சோர்வு போலவே ஆளைச் சாய்க்கும். நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்பதை மனைவி சொல்லட்டும். லாரி ஓட்டுகிறவருக்கு அந்தத் தூக்க மூச்சுத் தடை இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம் டாக்டர் கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வாழ்க்கையில் எப்போதாவது, பல நாள் தொடர்ந்து தூக்கமே தேவைப்படாமல், தாறுமாறாகப் பணம் செலவழித்து, உலகத்தையே வாங்கிவிடலாம் என்ற வேகத்தில் இருந்திருக்கிறீர்களா? இருந்திருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அந்த வேகம் திரும்ப வந்துவிடலாம்.

சாவு நினைப்பு இருப்பதால், கிளினிக் டாக்டரிடம் மனநல நிபுணருக்கு சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) கேளுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. தேதி தள்ளிக் கிடைத்தால், அதுவரை கிளினிக்கிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். சும்மா காத்திருக்கக்கூடாது.

தஞ்சோங் ரம்புத்தானைப் பற்றி. அந்தப் பேரைச் சொல்லிக் கேலி செய்தே நாம் எல்லோரும் வளர்ந்தோம், அதனால் வந்த பயம் இது. 1911-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இன்றைய பெயர் பஹாகியா உலு கிந்தா. அங்கேயும் எத்தனையோ பேர் வேலைக்குப் போகிற வழியில் வந்து டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். உங்களைப் போல் மனச்சோர்வு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்தபடியே குணமாகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் சில நாள் வார்டில் சேர்ப்பது உண்டு. அது பாதுகாப்புக்காகத்தான், ஆயுசுக்கும் யாரும் பூட்டி வைப்பதில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், ஃபுளுவாக்செட்டின் போன்றவற்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் முதலில் தருவார்கள். இவை தூக்க மாத்திரை மாதிரி அன்றைக்கே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் லேசாகத் தெரியும். முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, கொஞ்சம் படபடப்பு வரலாம், பிறகு அடங்கும். இந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். படபடப்பு ரொம்பக் கூடினாலோ சாவு நினைப்பு அதிகமானாலோ மட்டும் தேதிக்குக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

ஆண்கள் சொல்லாமல் நிறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தாம்பத்தியத்தில் ஆசை குறையலாம், உச்சம் வரத் தாமதமாகலாம். வெட்கப்பட்டு வாயைத் திறக்காமல் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். எங்களுக்கு இது தினமும் கேட்கிற சாதாரண விஷயம்.

ஆயுசுக்கும் எடுக்கணுமா என்றால், முதல் தடவை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். அப்புறம் மெதுவாகக் குறைத்து நிறுத்துவோம். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு மட்டும் நீண்ட காலம் தேவைப்படும். இவை தூக்க மாத்திரை போல் அடிமையாக்குவதில்லை, ஆனால் திடீரென விட்டால் தலைசுற்றல் வரலாம். சரியான அளவில் ஆறு எட்டு வாரம் எடுத்தும் முன்னேற்றம் இல்லையென்றால், மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. முதல் மருந்து கேட்கவில்லை என்பதற்காக உங்களுக்குக் குணமே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள்.

மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் பலன் கூடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காத்திருக்க வேண்டி வரலாம். சுகாதார அமைச்சின் மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களில் ஆலோசனையோடு, வேலைக்குத் திரும்பவும் உதவுகிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் எது என்று கிளினிக்கில் கேளுங்கள். தனியாரிடம் போவதானால், 1998-ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி பதிவு செய்தவரா என்று முதலில் விசாரியுங்கள். பேர் போட்டு போர்டு மாட்டியவர்கள் எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள் இல்லை.

அதுவரை நீங்களே தொடங்கக்கூடியது ஒன்று. மனசு சரியானதும் உறுமி எடுக்கலாம் என்று காத்திருக்கிறீர்கள். இந்த நோயில் வரிசை தலைகீழ்: முதலில் காரியம், பிறகுதான் மெல்ல மெல்ல விருப்பம். இந்த வாரப் பயிற்சிக்குப் போய் ஓரமாக இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடிக்க வேண்டாம், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம். அடுத்த வாரமும் அதே கிழமையில், அதே நேரத்தில். மனம் வராவிட்டாலும் போங்கள். பேச்சு சிகிச்சையில் இது சோதித்துப் பார்த்த ஒரு முறை.

வேலையைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் சேராத நிலையில் வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. ஒரே முதலாளியிடம் இரண்டு வருஷம் ஆனால் 18, ஐந்து வருஷத்துக்கு மேல் 22. வார்டில் சேர்ந்தால் 60 நாள் வரை. என்ன நோய் என்று லாரி முதலாளிக்கோ கிராணிக்கோ (ஆபீஸ் குமாஸ்தா) நீங்கள் விவரம் சொல்ல வேண்டியதில்லை, எம்.சி. (மருத்துவ விடுப்பு) சீட்டு போதும். ஆனால் நீங்கள் லாரி ஓட்டுகிறவர் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புது மாத்திரை தொடங்கும் முதல் நாட்களில் ஓட்டலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மயக்கம் இருந்தால் அன்று சாவியைத் தொடாதீர்கள்.

உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. தங்கச்சி, "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்வதைவிட, கிளினிக் தேதியைக் குறித்து, கூடவே போய் உட்காருவது அவருக்குப் பெரிய உதவி. சாவைப் பற்றி நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்பது தவறு. கேட்டால் அவர் பாரம் குறையும். அவர் குடித்திருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம். கை ஓங்கும் நிலை வந்தால் பிள்ளையோடு வேறிடத்துக்குப் போய்விடுங்கள். அரசாங்கத்தின் தாலியான் காசி உதவி எண் 15999-ஐ அழையுங்கள். அவர் நோயாளி என்பதற்காக நீங்கள் அடி வாங்க வேண்டியதில்லை.

தம்பி, மகனிடமும் பேசுங்கள். நீளமாக வேண்டாம். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து எடுக்கப் போகிறேன். உன் பையை எறிந்தது என் தப்பு. உன் மேல் கோபம் இல்லை." இது போதும். அவன் பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எட்டு வயதோ பதினாறு வயதோ, அப்பா ஏன் இப்படி இருக்கிறார் என்பதற்குத் தானே காரணம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அதை நீங்கள்தான் எடுத்துவிட முடியும்.

கிளினிக்கில் மறுபடியும் முதுகுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்பினால், கவுண்டரை விட்டு நகராமல், மனச்சோர்வுக்குப் பார்க்க வந்தேன், குடும்ப மருத்துவ நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எழுதி இந்தப் பகுதிக்கே அனுப்புங்கள். பேர் போடாமல் பதில் சொல்கிறேன்.